ஆட வந்தவங்களுக்கு சவுண்ட் வைக்கிறது

லாஸ் ஏஞ்சலஸ்ல ஓபோன் சீசன்னா ஜூன் கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் ஓடும். ஜப்பான்ல அது சில ஊர்ல ஜூலை நடுவுல, பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவுல ஒரு சில நாள்ல முடிஞ்சுடற விசேஷம், செத்துப்போன பெரியவங்கள நெனச்சு குடும்பமா சொந்த ஊருக்குப் போறது. இங்க தெற்கு கலிஃபோர்னியால ஜப்பானிய அமெரிக்கர்களோட ஒவ்வொரு புத்தர் கோயிலும் ஆளுக்கொரு சனி ஞாயிற எடுத்துக்கறாங்க, அப்பதான் இந்தக் கோயில் ஆளுங்க அந்தக் கோயிலுக்குப் போய் ஆட முடியும், அவங்க அடுத்த வாரம் இங்க வருவாங்க. அதனால என்ன மாதிரி சவுண்ட் வேலை பாக்கறவனுக்கு கோடை முழுக்க ஒரே மாதிரி பாட்டு, ஒரே மாதிரி ஸ்பீக்கர், கோயில் வாசல் மட்டும் மாறிக்கிட்டே இருக்கும்.

நான் கல்யாணம், கம்பெனி மீட்டிங், ஹால்ல நடக்கற கச்சேரின்னு எல்லாத்துக்கும் சவுண்ட் வெச்சிருக்கேன், தமிழ்ச் சங்க விழாவுக்கும் வெச்சிருக்கேன். எல்லாத்துலயும் ஒரே கணக்குதான், ஒரு மேடை இருக்கும், அதுக்கு எதிர்ல நாற்காலி இருக்கும், மேடைல நடக்கறது நாற்காலில உக்காந்திருக்கறவங்களுக்கு நல்லா கேக்கணும். போன் ஒடோரில, அதாவது ஓபோனுக்கு ஆடற வளைய ஆட்டத்துல, இந்தக் கணக்கே செல்லாது. நடுவுல யாகுரான்னு மரத்துல ஒரு கோபுரம் மாதிரி கட்டுவாங்க, அதுல விளக்குத் தோரணம் தொங்கும், மேல ஒரு டைகோ டிரம் இருக்கும், அதச் சுத்தி தெருவுல சாக்பீஸ்லயோ டேப்லயோ கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோட்டுல ரெண்டு மூணு வளையமா நின்னு நூத்துக்கணக்கான பேர் ஆடுவாங்க, நாலு வயசுப் பாப்பாவும் இருக்கும், தொண்ணூறு வயசுப் பாட்டியும் இருப்பாங்க. ஓரமா மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருக்கறவங்ககூட பாதிப் பேர் கால் வலிக்கு உக்காந்தவங்கதான், பாட்டு புடிச்சதா வந்தா எழுந்து உள்ள போயிடுவாங்க. எங்க ஊர் முளைப்பாரிக் கும்மிய பாத்து வளந்தவனுக்கு இது சட்டுனு புரியும்.

இதுல சவுண்டுக்கு என்ன வித்தியாசம்னு கேட்டா, நெறைய இருக்கு. சத்தம் காத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். தெருவோட ஒரு முனைல பெரிய ஸ்பீக்கர் வெச்சீங்கன்னா நூறு மீட்டர் தள்ளி ஆடறவங்களுக்கு பாட்டு கிட்டத்தட்ட 0.3 செகண்ட் லேட்டா போய்ச் சேரும். உக்காந்து கேக்கறவருக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல கை தட்டணும்னா அந்த 0.3 பெரிய விஷயம், இந்த முனைல தட்டி முடிச்சதுக்கு அப்புறம் அந்த முனைல தட்டுவாங்க, நடுவுல நிக்கறவங்க யாரப் பாத்து ஆடறதுன்னு தடுமாறுவாங்க. கச்சேரில நாங்க பின்னாடி இருக்கற ஸ்பீக்கருக்கு வேணும்னே டிலே போடுவோம், மேடைல இருந்து வர்ற சத்தத்தோட அது சேரணும்னு. இங்க அந்த டிலேய எடுத்துடணும். சின்னச் சின்ன ஸ்பீக்கரா தெரு முழுக்க நெறைய வெச்சு, எல்லாம் ஒரே நொடில பேசற மாதிரி விட்டு, ஒவ்வொண்ணோட சத்தத்தையும் பக்கத்து ஸ்பீக்கர்மேல போய் விழாத அளவுக்கு குறைச்சு வைக்கணும். யாகுரா மேல அடிக்கற டைகோவுக்கும் ஒரு மைக் வெச்சு எல்லா ஸ்பீக்கர்லயும் கொஞ்சமா கலந்து விடுவோம், அப்போ பக்கத்து ஸ்பீக்கர்ல வர்ற அடிதான் ஆடறவங்க காதுக்கு முதல்ல போகும், கோபுரத்துல இருந்து நேரா வர்றது பின்னாடி வரும்.

இத எனக்குப் புரிய வெச்சது எந்த சவுண்ட் இன்ஜினியரும் இல்ல, டான்ஸ் சொல்லிக்குடுக்கற ஒரு சென்செய். எழுபது வயசு தாண்டினவங்க, பேர் சொன்னா அவங்களுக்குப் புடிக்காது. அவங்க ஸ்பீக்கர் கிட்டயே வரமாட்டாங்க, வளையத்தோட தூரத்து மூலைல போய் நின்னு ஒரு பாட்டு முழுக்க ஆடிட்டு, திரும்பி வந்து "அந்த மூலைல கை தட்டறப்போ உங்க பாட்டு இன்னும் முந்தின தூக்கற ஸ்டெப்புலயே இருக்குங்க" அப்படிம்பாங்க. மீட்டர்ல பாத்தாலும் அதேதான் காட்டும்.

டாங்கோ புஷின்னு ஒரு பாட்டு, எல்லா ஓபோன்லயும் உண்டு, அது இல்லாம முடியவே முடியாது. க்யூஷூ தீவுல ஃபுகுவோகா பக்கம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க பாட்டு அது. ஆட்டமே வேலைதான். ரெண்டு தடவ தோண்டறது, தோள்ல கூடைய தூக்கறது, பின்னாடி ஒரு அடி வெச்சு கை நெத்திக்குக் குடையா வெச்சு நிலாவப் பாக்கறது, தள்ளுவண்டிய தள்ளறது, கைய விரிச்சு தட்டறது. அவ்வளவுதான் ஸ்டெப்பு, அஞ்சு நிமிஷத்துல யாரும் கத்துக்கலாம். கலிஃபோர்னியால போன் ஒடோரிய பரப்பினதுல யோஷியோ இவானாகான்னு ஒரு புத்த குருவுக்குப் பெரிய பங்கு இருக்கு, 1930கள்ல கோயில் கோயிலா போய் சொல்லிக் குடுத்தவர் அவர். பண்ணைல கூலி வேலை பாத்த இஸ்ஸெய்ங்களுக்கு, அதாவது ஜப்பான்ல இருந்து வந்த முதல் தலைமுறைக்கு, சுரங்கக் கூலி பாட்டு அந்நியமா இருந்திருக்காதுன்னு நான் நெனைக்கறேன்.

ஓபோனுக்கு ஒரு கதை சொல்வாங்க. புத்தரோட சீடர் மௌத்கல்யாயனர், ஜப்பான்ல மொகுரென்னு சொல்றாங்க, தன் செத்துப்போன அம்மா பசிப் பேயா கெடந்து தவிக்கறதப் பாத்தாராம், புத்தர்கிட்ட கேட்டு துறவிங்களுக்கு சாப்பாடு குடுத்து அம்மாவ விடுவிச்சாராம், அந்த சந்தோஷத்துல ஆடினதுதான் இந்த ஆட்டம்னு. இங்க இருக்கற கோயில்கள்ல பெரும்பாலானது ஜோடோ ஷின்ஷு வழி, அவங்க ஆவி வந்து போறதப் பத்தி பெருசா பேசறதில்ல, இத கங்கி-எ, அதாவது சந்தோஷக் கூட்டம்னு சொல்றாங்க. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குரு வந்து ரெண்டு நிமிஷம் பேசுவார், உன்ன யாரும் பாக்கல, நல்லா ஆடணும்ங்கற கவலைய விடு, போனவங்கள நெனச்சுட்டு ஆடுன்னு அதத்தான் சொல்வார். மைக்க தூக்கிக் குடுத்துட்டு நான் பக்கத்துலயே நிப்பேன், எத்தன தடவ கேட்டாலும் எனக்கு அலுக்கல.

கோயில்ல கேசட் இருக்கும். இது தனியா சொல்லவேண்டிய விஷயம். அந்தக் காலத்துல யாரோ ஜப்பான் போய்ட்டு வாங்கிட்டு வந்த ரெக்கார்ட கேசட்ல ஏத்தி, அந்தக் கேசட்ட இன்னொரு கேசட்ல ஏத்தி, ஓடி ஓடி ஸ்பீடே மாறிப்போயிருக்கும். அதே பாட்டு சுத்தமான சிடியா இப்போ கெடைக்கும், போட்டா ஆடறவங்களுக்கு கால் நிக்காது, அவங்க உடம்பு பழகினது அந்தக் கேசட் ஸ்பீடுக்கு. அதனால நான் கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி இரைச்சல மட்டும் எடுத்துட்டு ஸ்பீட தொடாம வெச்சுக்கறேன். ஒரிஜினல் எதுன்னு யாராச்சும் கேட்டா, இந்தத் தெருவுல அம்பது வருஷமா ஆடின ஸ்பீடுதான் இந்தத் தெருவுக்கு ஒரிஜினல்னு சொல்வேன், இதுல எனக்கு சந்தேகமே கெடையாது.

டைகோவும் அப்படித்தான். ஜப்பான்ல நல்ல டைகோன்னா கெயாகி மரத்த ஒரே துண்டா குடஞ்சு செய்வாங்க, வெல எங்கயோ இருக்கும். 1969ல லாஸ் ஏஞ்சலஸ் சென்ஷின் புத்தர் கோயில்ல கின்னரா டைகோன்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, அவங்க கைல அந்த மாதிரி காசு இல்ல, கலிஃபோர்னியால ஒயின் பீப்பாய்க்கு பஞ்சமே இல்ல, ஓக் மரப் பீப்பாய எடுத்து மாட்டுத் தோல கார் ஜாக்கி வெச்சு இழுத்து ஆணி அடிச்சு டிரம் பண்ணிட்டாங்க. அமெரிக்கால நெறைய டைகோ குழு இப்பவும் பீப்பாய் டிரம்தான் அடிக்கறாங்க. சத்தம் வேற மாதிரிதான் இருக்கும், கெயாகி டிரம்ல அடி விழுந்ததும் ஒரு இறுக்கம் கேக்கும், பீப்பாய்ல கொஞ்சம் வயிறு பெருத்த மாதிரி கீழ் சத்தம் அதிகம். மைக் வைக்கறப்போ அந்தக் கீழ்ப்பக்கத்த வெட்டிட்டு ஜப்பான் டிரம் மாதிரி ஆக்கலாம், முடியாதுன்னு இல்ல. நான் வெட்டறதில்ல.

இந்த சமூகத்தோட கதை தெரியாம இந்த வேலைய நல்லா பாக்க முடியாதுன்னு நான் நம்பறேன். 1942 பிப்ரவரி 19 அன்னிக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட ஒரு உத்தரவால சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளிக்காரங்கள வீட்ட விட்டு எடுத்து முள்வேலி முகாம்கள்ல அடச்சாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காலயே பொறந்த குடிமக்கள். அதுக்கு முன்னாடியே, 1941 டிசம்பர்ல ஜப்பான் பெர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்த தாக்கின கையோட புத்த குருமார், ஜப்பானிய ஸ்கூல் வாத்தியார் இவங்களத்தான் எஃப்.பி.ஐ. முதல்ல புடிச்சுட்டுப் போச்சு. பயத்துல ஜனங்க வீட்டுல இருந்த ஜப்பானியப் புஸ்தகம், பொம்மை, ஃபோட்டோ எல்லாத்தையும் எரிச்சாங்க, பொதைச்சாங்க. 1934ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்ச நிஸெய் வீக் (நிஸெய்னா ரெண்டாம் தலைமுறை) திருவிழா நின்னுபோய் 1949லதான் திரும்ப வந்துச்சு. ஆனா முகாம்குள்ளயே போன் ஒடோரி ஆடியிருக்காங்க, பாலைவனத்துல கெடைக்கற சிப்பிய வெச்சு பூ மாதிரி ப்ரோச் செஞ்சிருக்காங்க, பூ கெடைக்காத எடத்துல காகிதப் பூ பண்ணியிருக்காங்க. அரசாங்கம் மன்னிப்பு கேட்டு, உயிரோட இருந்தவங்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தர்றதுக்கு சட்டம் போட்டது 1988ல.

மன்ஸனார் முகாம் லாஸ் ஏஞ்சலஸ்க்கு வடக்க 350 கிலோமீட்டருக்கு மேல, சியர்ரா மலையடிவாரம். 1969ல இருந்து அங்க ஒரு யாத்திரை நடக்குது, இப்போ ஏப்ரல் கடைசி சனிக்கிழமைல வைக்கறாங்க. கல்லறைப் பக்கம் 1943ல முகாம் ஆளுங்களே கட்டின வெள்ளத் தூண் நிக்கும், அங்க எல்லா மத குருமாரும் சேந்து வழிபாடு பண்ணுவாங்க, பேச்செல்லாம் முடிஞ்சப்புறம் கடைசில ஓண்டோ, அதாவது இதே மாதிரி வளைய ஆட்டம், ஆடுவாங்க. காத்து அடிக்கும் பாருங்க, அங்க அடிக்கற காத்து மைக்குக்கெல்லாம் அடங்காது, எத்தன பஞ்சு மாட்டினாலும் உள்ள பூந்துடும், ஸ்டாண்டு மேல மணல் மூட்ட வைக்கணும். நான் அங்க ஆட வந்தவங்கள்ல ஒருத்தனாதான் போனேன், வேலைக்குப் போகல. ஆனாலும் கண்ணு ஸ்பீக்கர் பக்கமே போச்சு. அப்பா அம்மா அடைபட்டுக் கெடந்த எடத்துல புள்ளைங்க, பேரப்புள்ளைங்க செருப்புல மண்ணு ஏற வளையமா ஆடறாங்க, அவங்களோட முஸ்லிம் அமைப்புக்காரங்க, காலேஜ் பசங்க, வழில நிறுத்திட்டு வந்த டூரிஸ்ட்டு எல்லாரும் ஆடறாங்க. அதப் பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு குரு சொல்ற அந்த ரெண்டு நிமிஷப் பேச்சு முழுசா உள்ள போச்சு.

சில பேர் சொல்வாங்க, இதெல்லாம் அசல் ஜப்பான் இல்ல, கலந்துபோனதுன்னு. எனக்கு அந்தப் பேச்சே புடிக்கறதில்ல. கோயில் கிச்சன்ல பாருங்க, டெரியாக்கி சிக்கன் ஒரு பக்கம் புகையும், ஹவாய்ல இருந்து வந்த ஸ்பாம் முசுபி ஒரு பக்கம், சோத்து மேல மெக்சிகன் மாதிரி சில்லி ஊத்தி ஒரு பக்கம். அந்தச் சாப்பாட்டு வருமானம்தான் கோயிலுக்குப் பெரிய தாங்கல். (கிச்சன்ல ரைஸ் குக்கர் எந்த லைன்ல சொருகியிருக்குன்னு காலைலயே போய்ப் பாத்துருவேன், சவுண்ட் லைனும் அதுவும் ஒண்ணா இருந்தா முதல் பாட்டுலயே ப்ரேக்கர் விழுந்துடும்.) சென்ஷின் கோயில் குரு மாஸ் கொதானி கேட்டதுக்காக பாடகி நொபுகோ மியாமோட்டோ 1980கள்ல இங்கிலீஷ்லயே ஒரு போன் ஒடோரி பாட்டு எழுதினாங்க, ஜப்பானிய பாஷை தெரியாத புள்ளைங்களும் என்ன பாடறோம்னு தெரிஞ்சு ஆடட்டும்னு. அதே மியாமோட்டோ 2013ல க்வெட்ஸால் ஃபுளோரெஸ் மாதிரி மெக்சிகன் அமெரிக்க இசைக்காரங்களோட சேந்து ஃபண்டாங்கோபோன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, மெக்சிகோல வெராக்ரூஸ் பக்கத்து பாட்டும் ஆட்டமுமான ஃபண்டாங்கோவும் போன் ஒடோரியும் மேற்கு ஆப்பிரிக்க ஆட்டமும் ஒரே வளையத்துல. லாஸ் ஏஞ்சலஸ் லிட்டில் டோக்கியோல இருக்கற ஜப்பானிய அமெரிக்க கல்ச்சுரல் சென்டர் முன்னாடி சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைச்ச சதுக்கத்துலதான் நடந்துச்சு, இஸ்ஸெய்ங்களுக்குன்னு அவர் வெச்ச ரெண்டு பெரிய கல்லு அங்கதான் இருக்கு. நொகுச்சி 1942ல அடைபடவேண்டிய கட்டாயம் இல்லாமலே தானா அரிசோனால இருந்த போஸ்டன் (Poston) முகாமுக்குப் போனவர். அப்படி ஒருத்தர் போட்ட தரைல மரப்பலகை மேல ஃபண்டாங்கோக்காரங்க கால் தட்டறதும் டைகோவும் சேந்து வர்றதுல எனக்கு எந்தக் கலப்படமும் தெரியல.

எனக்கு இருக்கற கவலை வேற. ஸ்பீக்கர் தூக்கற, யாகுரா கட்டற, விளக்கு கட்டற ஆளுங்கள்ல முக்கால்வாசி சன்ஸெய்ங்க, மூணாம் தலைமுறை, அவங்களுக்கே இப்போ முட்டி வலி. ஆட வர்ற கூட்டம் குறையல, ப்ராக்டிஸ் ராத்திரிக்கே ஜிம் நெறைஞ்சுடுது. தூக்கறதுக்குத்தான் ஆள் குறையுது. வெளில இருந்து என்ன மாதிரி ஆள காசு குடுத்து வெக்கலாம், வெச்சுருக்காங்க, ஆனா பட்ஜெட் ஏறினா ரெண்டு நாள் விசேஷம் ஒரு நாளாகும், அப்புறம் யாகுரா சின்னதாகும், இது எனக்குத் தெரிஞ்ச ஒரு கோயில்ல நடந்துட்டு இருக்கு. அதனால போன சீசன்ல இருந்து ப்ராக்டிஸ் நடக்கற ராத்திரில நான் மிக்சர கொண்டுபோய் வெச்சு, வர்ற யொன்ஸெய், அதாவது நாலாம் தலைமுறைப் புள்ளைங்கள்ல யாருக்கு ஆசை இருக்கோ அவங்கள உக்கார வைக்கறேன். ஹைஸ்கூல் படிக்கற ஒரு பொண்ணு நல்லா புடிச்சுக்கிச்சு, அது சென்செய்கிட்ட ஆட்டமும் கத்துக்குது, அதனால எந்த மூலைல சத்தம் பத்தலன்னு ஆடிப் பாத்துட்டு வந்து அதுவே ஃபேடர ஏத்துது. வர்ற ஜூலைல சனிக்கிழமை சாயங்காலம் முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் போர்டுல அந்தப் பொண்ணுதான், நான் கேபிள் மட்டும் பாத்துக்கறேன்னு கமிட்டில சொல்லி ஒத்துக்க வெச்சுட்டேன்.