இரண்டு கொத்தமல்லி

இன்று காலை அண்ணனின் மளிகைக் கடைக்காக நான் எழுதிய பைத்தான் நிரலில், கொத்தமல்லியின் விலை 0 என்று வந்தது.

டிக்‌ஷனரியை (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல்; இங்கே விலைப்பட்டியல்) அச்சிட்டுப் பார்த்தேன். ‘கொத்தமல்லி’ என்ற சாவியும், அதற்கு நேரே 20 என்ற மதிப்பும் ஒழுங்காகவே இருந்தன.

பிறகு இரு சொற்களின் நீளத்தையும், அதாவது குறியீடுகளின் எண்ணிக்கையையும், கேட்டேன். விலைப்பட்டியலில் இருந்தது 10. பில்லுக்காகத் தட்டச்சு செய்தது 11.

கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், குறியீடுகளைக் கொண்டே ஹாஷ் என்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடும் டிக்‌ஷனரிக்கு அவை வெவ்வேறு சாவிகள்.

சதுர அடைப்புக்குள் சாவியைக் கொடுத்திருந்தால், ‘கீஎரர்’ (சாவி இல்லை என்ற பிழை) என்று அப்போதே கத்தியிருக்கும். நான்தான் பெரிய சாமர்த்தியமாக ‘கெட்’ போட்டு, சாவி இல்லாவிட்டால் 0 தரும்படி எழுதி வைத்திருந்தேன்.

இப்போது சாவியை உள்ளே வைக்கும்போதும் தேடும்போதும் முதலில், பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். பைத்தானுடனேயே வரும் ‘யூனிகோட்டேட்டா’ என்ற நிரல் தொகுதியில் அது ஒரு வரி வேலை.

இப்படிப் பிரியும் குறி எதுவும் இல்லாததால், தக்காளிக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோதுமை, சோம்பு, சௌசௌ ஆகியவற்றை இன்று மாலை சோதிக்க வேண்டும்.