சோலார் விமானத்துக்கு இரவுதான் பரீட்சை

நண்பகலில் சோலார் விமானத்தைப் பறக்கவைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. 1981-லேயே சோலார் சேலஞ்சர் என்ற விமானம், பேட்டரியே இல்லாமல், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவிட்டது. விடியும்வரை மேலேயே நிறுத்திவைப்பதில்தான் கணக்கு இடிக்கிறது.

10 கிலோ எடை, நொடிக்கு 10 மீட்டர் வேகம், மேலே தூக்கும் ஏற்றுவிசை, காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவிசையைப்போல் 20 மடங்கு என்று வையுங்கள். இழுவிசை 5 நியூட்டன். அதை வெல்ல 50 வாட். மோட்டாரிலும் புரொப்பெல்லரிலும் வீணாவதைச் சேர்த்தால் 80. ஆட்டோபைலட், ரேடியோவுக்கு இன்னொரு 10. வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தையும் கூட்டி இரவை 13 மணி நேரமாக எடுத்தால் 1,170 வாட்-மணி தேவை. கிலோவுக்கு 250 வாட்-மணி பிடிக்கும் லித்தியம் பேட்டரியில் 85 சதவீதத்தைத்தான் துணிந்து எடுக்கலாம். ஆக, பேட்டரி மட்டுமே ஐந்தரை கிலோ! கோடை வெயிலிலும் சோலார் செல்கள் 2 சதுர மீட்டர் வேண்டும். உறையோடு அது ஒரு கிலோவைத் தாண்டும். இறக்கை, மோட்டார், வயர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 3 கிலோ சொச்சம். கேமராவை எங்கே வைப்பது?

பெரிதாகக் கட்டினால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. எல்லா அளவையும் இரட்டித்தால் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு, பறக்கத் தேவையான திறன் 11 மடங்கு. செல்கள் தருவதோ 4 மடங்குதான். ஆள் ஏறி ஓட்டிய சோலார் இம்பல்ஸ் 2 விமானத்துக்கு 72 மீட்டர் இறக்கை, 17,248 செல்கள். 2,300 கிலோவில் 633 கிலோ பேட்டரி. இத்தனையும் ஒரே ஒரு விமானிக்காக. 2015-இல் ஜப்பானிலிருந்து ஹவாய்க்குப் பறந்தபோது பேட்டரிகள் சூடேறிக் கெட்டன. குளிருக்காகப் போட்ட காப்பே வெப்பத்தை வெளியேறவிடவில்லை. மறுபடி கிளம்ப 2016 ஏப்ரல் ஆனது.

உயரத்தையும் ஒரு பேட்டரியாகப் பயன்படுத்தலாம். பகலில் 8,500 மீட்டருக்கு ஏறி, இருட்டியதும் 1,500 வரை சறுக்கி இறங்கினால், விமானத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் 19 வாட்-மணி திரும்பக் கிடைக்கிறது. நம் 10 கிலோ விமானத்துக்கு அது 3 மணி நேரச் சறுக்கல். ஏறுவதற்கான உபரி மின்சாரம் பகலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் வயரிங். இறக்கையின் மேற்பரப்பு வளைவானது; முன்விளிம்புச் செல்லும் பின்விளிம்புச் செல்லும் சூரியனை வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. முன்னிருந்து பின்னாகத் தொடர் இணைப்பில் கோத்தால், குறைந்த வெயில் விழும் செல் மொத்தச் சரத்தின் மின்னோட்டத்தையும் தன் அளவுக்கு இழுத்துவிடும். அதனால் இறக்கையின் நீளவாக்கில் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு சரத்துக்கும் தனி எம்பிபிடி (செல்களிலிருந்து அதிகபட்சத் திறனைக் கறக்கும் கருவி), நடுநடுவே பைபாஸ் டையோடு (மங்கிய செல்லைத் தாண்டி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடுவது). செல்களுக்கு இடையிலான இணைப்புப் பட்டையில் சிறு வளைவு விடாவிட்டால் இறக்கை நெளியும்போது செல் விரிசல் விடும்.

இந்த எடைக் கணக்குக்கு ஒத்துவரும் வேலை, என் பார்வையில், ஆளில்லாமல் மேகத்துக்கு மேலே மெதுவாகச் சுற்றுவதுதான். 25 மீட்டர் இறக்கையும் 75 கிலோவுக்கும் குறைந்த எடையும் கொண்ட செஃபிர் என்ற ஆளில்லா விமானம் 2022-இல் 64 நாள் மேலேயே இருந்தது. ஆபத்து, ஏறவும் இறங்கவும் கடக்கவேண்டிய தாழ்வான காற்றடுக்கில்தான். 2003-இல் நாசாவின் ஆளில்லா சோலார் விமானம் ஹீலியோஸ் ஹவாய் அருகே காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை மேல்நோக்கி அளவுக்கு மீறி வளைந்து, ஆட்டம் அடங்காமல், உடைந்து கடலில் விழுந்தது. அதனால் காற்று முழுக்க அடங்கும் நேரம் பார்த்துத்தான் இவற்றை ஏற்ற வேண்டும்.