‘கூறப்படுகிறது’ என்று போட்டால் போதுமா?

சில வருடங்கள் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு முதலில் பழகிய சொல் ‘கூறப்படுகிறது’. ஒருவர் பணத்தைச் சுருட்டினார் என்று நிருபர் எழுதி அனுப்பினால், கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டால் வழக்கு வராது என்றுதான் எல்லோரும் நம்பினோம். அது தவறு. அடுத்தவர் சொன்னதை அச்சிட்டால், நீங்களே சொன்னதாகத்தான் கோர்ட் பார்க்கும். அவர் அப்படிச் சொன்னார் என்று நிரூபித்துப் பயனில்லை, சொன்ன விஷயம் உண்மை என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் அவதூறு ஒரு குற்றமும்கூட. ஆனால் நஷ்டஈடு கேட்டுப் போடுகிற சிவில் வழக்குக்கு என்று தனியாக எழுதிய சட்டம் கிடையாது, இங்கிலாந்திலிருந்து வந்த தீர்ப்புகளின் வழியில்தான் நடக்கிறது. செய்தி பிறர் கண்ணில் பட்டது, அது தன்னைத்தான் குறிக்கிறது, அதனால் மற்றவர்கள் மத்தியில் தன் மதிப்பு இறங்குகிறது. வாதி காட்ட வேண்டியது இவ்வளவுதான். பத்திரிகை கெட்ட எண்ணத்தோடு எழுதியது என்று காட்ட வேண்டியதில்லை.

இதற்கு 1909-ல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று, ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ் என்ற சர்ச் நிர்வாகி பிரான்ஸில் மனைவியல்லாத ஒரு பெண்ணோடு சுற்றுவதாகக் கட்டுரை போட்டது. கற்பனைப் பெயர் என்றார்கள். ஆனால் அதே பெயரில் நிஜமாகவே ஒரு வக்கீல் இருந்தார், சர்ச் நிர்வாகியும் இல்லை, அந்தக் கதைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படித்தவர்கள் அவர்தான் என்று நினைத்தோம் என்று சாட்சி சொன்னார்கள், 1,750 பவுண்டு நஷ்டஈடு நின்றது. எழுதியவர் மனதில் யார் இருந்தார் என்பதைவிட, படித்தவர் யாரை நினைத்துக்கொண்டார் என்பதே முக்கியம்.

அதற்காகப் பத்திரிகை வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதுவே முழுப் பாதுகாப்பு. கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதலாம் (தலைப்பில் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பது ‘குற்றவாளி’ ஆகிவிட்டால் கதை வேறு). அப்புறம், 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மிகப் பெரிய விஷயம்: அதிகாரிகளின் அலுவலகச் செயல்களைப் பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினால் ஒழிய நஷ்டஈடு கிடையாது. நியாயமாக விசாரித்துவிட்டு எழுதினோம் என்று காட்டினால் போதும். சாதாரண ஆள் விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. அதுதான் சரி என்பேன், அதிகாரிக்குப் பதில் சொல்ல மேடை இருக்கிறது, இவருக்கு என்ன இருக்கிறது?

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கைதானவருக்கும் இவருக்கும் ஒரே பெயர், ஒரே தொழில். படம் மட்டும் இவருடையது போய்விட்டது. நான்காய் மடித்த பேப்பரை மேஜையில் விரித்து, தன் முகத்தின் மேலே விரலை வைத்துக்கொண்டு, “சார், இது நான்” என்றார், வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் உள்பக்கத்தின் மூலையில் நான்கு வரி திருத்தம் போட்டோம். முதல் பக்கத்தில் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

மறுபடியும் ஒரு நாள் வந்தார். பதினான்கு மாதம் ஆகியிருந்தது, அப்போதுதான் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதற்குப் பிறகு முடியாது என்று சொல்லிவிட்டாராம். இந்தக் கெடுவை அவரிடம் முன்பே யாரும் சொல்லவில்லை. அவர் முதல் தடவை வந்து நின்றபோது எனக்கும் தெரியாது.