கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காண்ட்ராக்ட் வேலை: சம்பள பாக்கி வாங்கின அனுபவம்

நாலு வருஷமா ஒரு அரசு ஆஸ்பத்திரி வார்டுல ஹவுஸ்கீப்பிங் வேலை பாத்தேன், காண்ட்ராக்டர் மூலமா. மாசம் 26 நாள் டூட்டி, கைக்கு வந்தது 8,500. சம்பளத்தன்னிக்கு சூப்பர்வைசர் ஒரு ஷீட்ட நீட்டுவாரு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், தொகை எழுதற கட்டம் மட்டும் காலியா இருக்கும், "சீக்கிரம் கையெழுத்து போடும்மா, பின்னாடி ஆளு நிக்குது"ம்பாரு. நாங்களும் போட்டுட்டு போயிருவோம்.

2022ல பி.எஃப் எவ்ளோ சேர்ந்திருக்குன்னு பையன அரசாங்கத்தோட உமங் ஆப்ல பாக்க சொன்னேன். என் மாச சம்பளம் 7,650னு காட்டுச்சு. வாங்கறதே 8,500, இது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கேட்டா "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லம்மா, காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

சங்கத்துல இருந்த தோழர் ஒருத்தர்தான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட சொன்னாரு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டே விஷயம் கேட்டோம், காண்ட்ராக்டருக்கு ஆஸ்பத்திரி குடுத்த ஒர்க் ஆர்டர் காப்பி, காண்ட்ராக்டர் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு குடுத்த பில் காப்பி. 30 நாள்ல பதில் வரணும், வரல, மேல்முறையீடு போட்டப்புறம்தான் வந்துச்சு. அத பிரிச்சு பாத்த நிமிஷம் எனக்கு கை நடுங்கிருச்சு. ஒர்க் ஆர்டர்ல குறைஞ்சபட்சக் கூலின்னு ஆளுக்கு ஒரு நாளைக்கு 510, பி.எஃப், ஈ.எஸ்.ஐக்கு முதலாளி பங்கு தனியா. பில்லுல என் பேருக்கு நேரா 26 நாள். பையன் கால்குலேட்டர்ல 510ஐ 15ஆல பெருக்கினான், 7,650. அதாவது ஆஸ்பத்திரிகிட்ட நான் 26 நாள் வேலை பாத்தேன்னு காசு வாங்கிட்டு, பி.எஃப் ஆபீஸ்ல 15 நாள்தான்னு காட்டியிருக்காங்க. எனக்கு வந்திருக்க வேண்டியது 13,260, அதுல பி.எஃப், ஈ.எஸ்.ஐக்கு என் பங்கு 12.75 சதவீதம் போனாலும் 11,569. மாசம் 3,069 ரூபா என் உழைப்ப வேற யாரோ தின்னிருக்காங்க. அரசாங்கம் எனக்குன்னு குடுத்த காசு அது.

2023ல பதினோரு பேர் சேந்து தொழிலாளர் துறையில 1948 குறைஞ்சபட்சக் கூலிச் சட்டத்துல மனு போட்டோம். அந்த சட்டத்துல ஆறு மாசத்துக்குள்ள கேக்கணும், பழைய பாக்கிக்கு தாமதத்துக்கான காரணம் எழுதிக் குடுத்தோம், ஏத்துக்கல. மூணரை வருஷ காசு அப்படியே போச்சு. இன்னிக்கும் அத நெனச்சா வயிறு எரியுது. இப்போ 2025 நவம்பர் 21ல இருந்து புது ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துருச்சு, அதுல மூணு வருஷம் வரைக்கும் கேக்கலாம், தள்ளிப் போடாதீங்க.

வாய்தா வாய்தாவா பத்து மாசம் போச்சு, டூட்டிய மாத்திட்டுதான் போவோம். காண்ட்ராக்டர் ஆளு காலி கட்டத்துல தொகை நிரப்பின ஷீட்ட கொண்டுவந்து 15 நாள் வேலைக்கு முழு கூலியும் குடுத்தாச்சுன்னாரு. நாங்க அவங்க பில்லயே எடுத்து வெச்சோம், கூடவே வார்டு சிஸ்டர் தினமும் கையெழுத்து போட்ட டூட்டி நோட்டு. அதுக்கு மேல பேச்சே இல்ல. அப்போ அமல்ல இருந்த 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி காண்ட்ராக்டர் குறைச்சுக் குடுத்தா பிரின்சிபல் எம்ப்ளாயர்தான் குடுக்கணும், அதாவது ஆஸ்பத்திரி. 1982ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு (ஆசியாட்) கட்டடம் கட்டின தொழிலாளிங்க வழக்குல சுப்ரீம் கோர்ட், குறைஞ்சபட்சக் கூலிக்கு கீழ வேலை வாங்கறதே அரசியல் சட்டம் 23வது பிரிவு தடுக்கற கட்டாய வேலைன்னு சொல்லியிருக்கு. தோழர் அத படிச்சுக் காட்டினப்போ எங்க கூட வந்த அக்கா அழுதுட்டாங்க, பதினோரு வருஷமா அதே ஆஸ்பத்திரில கழுவறவங்க.

ஆறு மாசத்துக்கு ஆளுக்கு 18,414 பேங்க்ல ஏறுச்சு. பி.எஃப் விஷயமா தனியா புகார் குடுத்திருக்கோம், அது இன்னும் நடக்குது. சம்பள ஷீட்ல இப்போ தொகை எழுதாம யாரும் எங்ககிட்ட நீட்டறதில்ல, நீட்டினாலும் அந்த அக்கா பேனாவ தொட மாட்டாங்க.