நாலாவது துண்டு: சாயம் நின்னுடுச்சு (டர்க்காய்ஸ் நீலம் தவிர)

நேத்து மூணு தடவ துவைச்சும் துணி கலர் விடல, அந்த சந்தோஷத்துல எழுதுறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்டுப் பின்னாடி அஞ்சடியில (தாழ்வாரத்துல) உக்காந்து மூணு வாரமா ரெமாசோல்ங்கிற ரியாக்டிவ் சாயத்துல (துணி நாரோடயே வேதியியலா சேந்துக்குற சாயம்) காட்டன் துணிக்கு அச்சு போட்டுப் பாக்குறேன். அச்சு, பழைய சிலிப்பர் அடிய வெட்டி நானே செஞ்ச மாங்கா டிசைன்.

முத துண்டு படு சொதப்பல். சாயம் ஒழுகாம இருக்கட்டும்னு மரவள்ளி மாவுக் கூழ்ல கலக்கினேன், அச்சு அழகா விழுந்துச்சு, அலசினா கூழோட கலரும் போயிடுச்சு. இந்த சாயம் பஞ்சுல இருக்குற செல்லுலோஸ புடிச்சிக்கிற மாதிரியே மாவுச்சத்தையும் புடிச்சிக்கும், அப்புறம் துணிக்கு என்ன மிச்சம். கூழுக்கு கடல்பாசியிலேர்ந்து எடுக்குற சோடியம் அல்ஜினேட்தான் சரி.

ரெண்டாவதுக்கு அத்தை வினிகரும் உப்பும் போட்டு ஊற வைக்கச் சொன்னாங்க. அப்பா வேற, ஸ்டோர்ல ரப்பர் பால் உறைய ஆசிட் ஊத்துவோம்ல, அதே கணக்குதான்னு. சாயம் பூரா இறங்கி வாளித் தண்ணி அப்படியே சிராப் (சிவப்பு சர்பத்) ஆயிடுச்சு! வினிகர் எல்லாம் பட்டு, கம்பளிக்குப் போடுற ஆசிட் சாயத்துக்கு. காட்டனுக்கான ரியாக்டிவ் சாயமே 1956லதான் கடைக்கு வந்துச்சு, அதுக்கு நேர் எதிரா காரம் (அல்கலி) வேணும், பிஎச் 11 கிட்ட.

அதனால கிளந்தான், திரெங்கானு பாத்தேக் (மெழுகு வெச்சு சாயம் போடுற துணி) காரங்க பூசுற சோடியம் சிலிக்கேட்ங்கிற காரக் கரைசல் வாங்கினேன். மூணாவது துண்டுல அச்சு காயறதுக்குள்ள அவசரப்பட்டுப் பூசிட்டேன், மாங்கா எல்லாம் பூசணிக்கா ஆச்சு. நாலாவத ஒரு நாள் முழுசா காய வெச்சு, சிலிக்கேட் தடவி, ஈரம் போகாம பிளாஸ்டிக்ல சுருட்டி ராத்திரி பூரா விட்டேன், ஏன்னா காஞ்சுட்டா சாயம் பிடிக்கிற வேலை அதோட நின்னுடும். காலையில பச்சத் தண்ணியில வழவழப்பு போற வரைக்கும் அலசிட்டு, அப்புறம் சுடுதண்ணி சோப்பு. துணியோட சேராம தண்ணியோட சேந்துட்ட சாயம் இனிமே ஒட்டவே ஒட்டாது, அத முழுசா வெளியேத்தலன்னா பக்கத்துல இருக்குற வெள்ளைய கெடுக்கும். கிளவுஸ் போடுங்க, பிரஷ்ஷ உடனே கழுவுங்க, என்னோடது கல்லாப் போச்சு.

சிவப்பும் மஞ்சளும் அசையல. டர்க்காய்ஸ்தான் இன்னும் வெளுக்குது, அதோட மூலக்கூறு பெருசு, கூடுதல் சூடு கேக்கும். அடுத்து சாயத்துலயே ஆப்பச் சோடாவும் யூரியாவும் (அதேதான், செம்பனைக்குப் போடுற உரம்) கலந்து ஆவி காட்டப் போறேன். அம்மா இட்லி சட்டிய தரமாட்டேன்னுட்டாங்க, நியாயந்தான், சாப்பாட்டு சட்டியில இத வைக்கக்கூடாது. பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) பத்து வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) ஒண்ணு தேடணும்.