நாறாத மீன்

"நாறுனாத்தானப்பா கெட்டுப்போச்சும்பாங்க? நாறாதது எப்புடிக் கெட்டுப்போவும்?"

கானாங்கத்தைப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னபோது அந்தம்மா கேட்டது. கடலூர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து எங்கள் ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தருபவர். செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. மோந்தும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

லேபில் இருப்பவனுக்கு இதற்குப் பதில் மனப்பாடம். செத்த சதையில் பாக்டீரியா அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடும். லைசினில் நடந்தால் கடாவெரின், ஆர்னிதினில் நடந்தால் புட்ரெசின். 1885-இல் பெர்லின் மருத்துவர் பிரீகர் விவரித்த இந்த இரண்டும் பிண நாற்றத்துக்குப் பேர்போனவை. அதே வேலை ஹிஸ்டிடினில் நடந்தால் ஹிஸ்டமின், அளவு மீறித் தின்றால் ஒவ்வாமை வந்ததுபோலப் படுத்தும். கானாங்கத்தையில் ஹிஸ்டிடின் ஏராளம். ஹிஸ்டமினுக்கோ நாற்றமே கிடையாது. படகில் ஐஸ் போடத் தாமதமானால் உண்டாகிவிடும். அப்புறம் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது.

இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை. "மெஷின்ல அளவு கூடுதலா வந்திருக்கும்மா" என்றேன். ஐரோப்பிய விதிப்படி ஒன்பது மாதிரிகளில் இரண்டு மட்டும் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாம். எங்களுக்கு மூன்று தாண்டியிருந்தன.

"சரி வுடு தம்பி, மார்க்கெட்டுல போட்டுக்கறேன்."

தலையாட்டினேன்.

கம்பெனி வாங்காததை அவர் எங்கே விற்கிறார் என்பது என் வேலையில்லை. 100-ஐக் கொஞ்சம் தாண்டியதற்கெல்லாம் பெரும்பாலும் யாரும் படுத்துவிடுவதுமில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் ஐரோப்பாக்காரன் தின்னக் கூடாதென்று கையெழுத்துப் போட்டவன், கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் தின்னத் தலையாட்டியிருக்கிறேன். முகம் சிவந்து உடம்பு தடித்திருந்தால்கூட "மீன் சேரல" என்று மாத்திரை போட்டுப் படுத்திருப்பார்கள். பெட்டியைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

விற்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஐஸ் போடாதது படகுக்காரர், நஷ்டம் இவருக்கா?

அவர் மூக்கும் ஒன்றும் முட்டாளல்ல. குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியைப் புட்ரெசினும் கடாவெரினும் தடுக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் அதே அளவு ஹிஸ்டமின் நாறுகிற மீனில் இருந்தால்தான் கூடுதல் ஆபத்து. நாறாத அந்தப் பெட்டிகள் கொஞ்சம் தேவலை. இந்தக் கணக்கை யாருக்காகப் போடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை.

இப்போதும் அவர்தான் மீன் தருகிறார். இறக்கும்போதே, கேட்காமலே சொல்லிவிடுகிறார்: "படகுலயே ஐஸ் போட்டது தம்பி." போட்டார்களா என்று நான் விசாரிப்பதில்லை. மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.