லைனைப் பார்த்து வாங்கிய மோடம்

2001-இல் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. செலரான் பிராசசர், 64 எம்பி ராம், விண்டோஸ் 98. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். ஐஎஸ்டி போட்டால் பேச்சில் பாதி “கேக்குதா, கேக்குதா” என்றே போய்விடும், பில்லும் ஏறும். அதனால் மெயில் போட ஒரு மோடம், அதாவது டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை இண்டர்நெட்டோடு இணைக்கும் கருவி, வேண்டும் என்று ஆனது. கையில் அதிகப் பணமில்லை. கருங்கல் பக்கம் எங்கள் ஊரில் வீட்டில் இண்டர்நெட் வைத்திருந்தவர்களும் குறைவு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

நாகர்கோவிலில் கடைக்காரத் தம்பி இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று கம்ப்யூட்டருக்கு உள்ளே பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டு, ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இன்னொன்று வெளியே மேஜைமேல் வைக்கும் பெட்டி, அதைப்போல மூன்று மடங்கு விலை. “அக்கா, எல்லாரும் இந்தக் கார்டுதான் எடுக்காங்க, 56கே ஸ்பீடு” என்றார். உடனே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. விலை குறைவுக்குக் காரணம் தெரிய வேண்டும் அல்லவா?

விசாரித்தபோது விளங்கியது. மலிவான கார்டுகள் பெரும்பாலும் சாஃப்ட்மோடம். டெலிபோன் சத்தத்தைப் பிரித்துத் தகவலாக்கும் வேலையை அவை தாமே செய்வதில்லை, கம்ப்யூட்டரின் பிராசசர் தலையில் கட்டிவிடும். எங்களுடையதைப் போன்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு அது பாரம். அதிலும் வித்தியாசம் உண்டு. லூசென்ட் கம்பெனியின் சிப் போட்ட சில கார்டுகளில் சிக்னல் வேலைக்குத் தனிச் சிப் இருக்கும், பிராசசருக்குப் பாரம் குறையும். கார்டு வாங்குகிறவர்கள் பெட்டியில் இருக்கும் பெயரைவிட, கார்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குவது நல்லது.

அப்புறம் அந்த 56கே, அதாவது நொடிக்கு 56,000 பிட் வேகம். வி.90 என்ற முறையில் அந்த வேகம் வருவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. நெட் கம்பெனியிலிருந்து நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாக இருக்க வேண்டும், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை வரும் செம்புக் கம்பி மட்டுமே பழைய மாதிரி இருக்கலாம். அந்தக் கம்பி நீளமாகவோ கரகரப்பாகவோ இருந்தால் மோடம் தானாகவே வி.34 என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதன் உச்சம் 33,600. வி.90-லும் நாம் அனுப்பும் பக்கத்துக்கு 33,600-தான், 56 என்பது நமக்கு வரும் பக்கத்துக்கு மட்டும்.

ஆகவே முதலில் லைனைச் சோதிக்க நினைத்தேன். போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். எங்கள் லைனில் சட்டியில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. லைன்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஏணி போட்டு, ஓட்டு விளிம்பில் கம்பி உள்ளே நுழையும் இடத்தைப் பிரித்தார். “மக்களே, ஜாயிண்டைப் பாரு” என்று நீட்டினார். இரண்டு கம்பியும் முறுக்கிய இடத்தில் பச்சைக் களிம்பு கட்டிப் பொடியாக உதிர்ந்தது. கடற்காற்று வீசும் ஊரில் செம்புக்கு இது வழக்கம் என்றார். அதை வெட்டிவிட்டுப் பளபளப்பான கம்பியாகச் சீவி முறுக்கினார். அதோடு பின்னறையில் மணியடிக்க இழுத்திருந்த பேரலல் கம்பியையும் கழற்றச் சொன்னார். கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது. எந்த மோடமாக இருந்தாலும் இதைச் செய்யாமல் பணம் போடாதீர்கள் என்பேன், இதற்குச் செலவும் இல்லை.

பிறகு சித்தப்பா மகன் தன் 56கே கார்டை இரவல் தந்தான். திரையில் 1,15,200 என்று வந்ததும் பிள்ளைகள் துள்ளினார்கள். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வேகம், லைனின் வேகம் அல்ல. மோடத்தை இயக்கும் சரியான டிரைவர் புரோகிராமைப் போட்டதும் உண்மை தெரிந்தது: 31,200, சில நேரம் 33,600. களிம்பு எடுத்த பிறகும் அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் எங்கள் வீட்டிலிருந்து தூரம், கம்பி ரப்பர் தோட்டத்தின் ஓரமாகவே வருகிறது.

இந்த லைனில் 33,600-க்கு மேல் வராது என்றால் 56-க்கு எதற்குக் காசு? அந்த நேரத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் டெலிபோன் லைனுக்கு மாறியிருந்தது. அவர்களுடைய பழைய 33.6கே (33,600) மோடங்கள் விலைக்கு வந்தன. வெளியே வைக்கும் பெட்டி, முழு வேலையையும் தானே செய்யும் நிஜ மோடம், விலையோ கடையிலிருந்த புதுக் கார்டுக்கும் கீழே! அங்கேயே சீரியல் போர்ட்டில் மாட்டி, மோடத்தோடு நேராகப் பேச உதவும் ஹைப்பர்டெர்மினல் புரோகிராமில் ஏடி (AT) என்ற கட்டளையை அடித்து, ஓகே என்று பதில் வந்ததைப் பார்த்து, ஒரு லோக்கல் எண்ணுக்கு டயல் செய்து கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். மோடத்தோடு அதன் சொந்த அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். சில மோடத்துக்கு ஏசி வேண்டும், சிலதுக்கு டிசி. மாற்றிக் கொடுத்தால் கருகிவிடலாம்.

வெளிப் பெட்டியை நான் விரும்பியதற்கு இன்னொரு காரணம் எங்கள் மாவட்டத்து இடி. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் கிடைக்கிற ஊர் இது. ஐப்பசியில் மத்தியானம் தாண்டினால் மானம் இருட்டி இடி வெட்டத் தொடங்கும். மின்னல் டெலிபோன் கம்பி வழியாக வந்தால் உள்ளே இருக்கும் கார்டோடு மதர்போர்டும் சேர்ந்து போகலாம். வெளியே இருப்பது முதலில் அடி வாங்கும், கம்ப்யூட்டர் தப்ப வாய்ப்பு அதிகம். அதற்காக வெளி மோடத்தை நம்பி விட்டுவிடவும் கூடாது. டெலிபோன் வயரையும் அடாப்டரையும் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதுதான் காவல். எங்கள் வீட்டில் இடிச்சத்தம் கேட்டால் சின்னவன் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவான்.

மாட்டிய அன்று டயல் டோன் இல்லை என்று 680 எர்ரர் வந்தது. போனை எடுத்தால் டோன் நன்றாகவே கேட்டது. நம் ஊர் டயல் டோனும் அமெரிக்க டயல் டோனும் வேறு, அங்கத்திய டோனுக்குப் பழகிய மோடம் நம்முடையதை அடையாளம் காணாது. மோடம் செட்டிங்கில் டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் இடத்தில் டிக்கை எடுத்ததும் உடனே டயல் ஆனது.

மெயிலை ஆஃப்லைனில் எழுதி வைத்து, லைன் போட்டு அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு உடனே துண்டித்துவிடுவோம். எழுத்தை மோடமே சுருக்கி அனுப்புவதால் மெயிலுக்கு 33.6 தாராளம். போட்டோ வந்தால்தான் காத்திருக்க வேண்டும். அப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த டெலிபோன் பில் எங்கள் கணக்குக்குள்ளேயே நின்றது. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு பிராட்பேண்ட் வரும்வரை அந்த மோடமே ஓடியது, இடையில் மாற்றியது அடாப்டரை மட்டும்.